ஊர் வரலாறும் முதற்குடியும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் தேடுவது முதற்குடியையே. முதலில் வந்தவர் யார், எவருடைய வீடு பெரிது, அவ்வீட்டின் கொடிவழி எத்தனை தலைமுறை நீள்கிறது என்னும் வினாக்களோடுதான் அவ்வகை எழுத்துகள் தொடங்குகின்றன. பெங்களூர்த் தமிழரைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வழியிலேயே செல்கின்றனர். இம்முறை எல்லா ஊர்க்கும் பொருந்துமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். அதற்கு ஆஸ்டின் டவுனை உரைகல்லாகவும், டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தின் தொடக்க அதிகாரங்களை வழிகாட்டியாகவும் கொள்வோம்.

மாளிகையும் வரிசை வீடும்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைத்தளத்தைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூர்க்கு மாற்றினர். அப்படைத்தளத்தைத் தமிழ் மக்கள் 'தண்டு' என்றனர். சிவாஜி நகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரை இன்றும் காத்து நிற்கிறது. படையைப் பின்தொடர்ந்து கொற்றரும் தச்சரும் வணிகரும் சமையற்காரரும் கூலியாட்களும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தனர். 1864இல் இருப்புப்பாதை தண்டை எட்டியபின் வரவு மேலும் பெருகிற்று.

இவ்வாறு வந்தோருள் வரலாற்றில் இடம் பெற்றவர் சிலர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910) அவர்களுள் தலையாயவர். எளிய நிலையிலிருந்து கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். இன்று உயர்நீதிமன்றம் விளங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டும் பணியை ஏற்றவர். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டவர். அன்னார் புகழ் பேசப்படுவது முற்றிலும் தகும். ஆயினும் ஒன்றை நாம் கருத வேண்டும். அவர் வரலாற்றை எழுத ஒப்பந்தங்கள் உள்ளன, அறக்கட்டளை ஆவணங்கள் உள்ளன, பள்ளியும் உள்ளது. செங்கல் சுமந்தவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஆஸ்டின் டவுன் செங்கல் சுமந்தவர் வகையைச் சேர்ந்த ஊர். ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில், தண்டில் உழைத்து வாழ்ந்த எளியோர்க்கென வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்த இடம் அது. அங்கே கோட்டை போன்ற வீடும் இல்லை; ஊரைத் தோற்றுவித்த குடும்பம் என ஒன்றைச் சுட்டவும் இயலாது. முதற்குடியைத் தேடிச் செல்லும் ஆசிரியர் வெறுங்கையோடு திரும்புவார். அல்லது ஊர்ப்பெயருக்குரிய ஆங்கிலேயரைப் பற்றி ஓரிரு வரி எழுதி அமைவார். பின்னாளில் இப்பகுதிக்கு எஃப். கிட்டல் நகர் என்ற பெயரும் ஏற்பட்டது. கன்னட–ஆங்கில அகராதியை 1894இல் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியாரின் பெயர் அது. ஆங்கிலேயர் பெயர் ஒன்று, ஜெர்மானியர் பெயர் ஒன்று. இரண்டிற்கும் இடையே குடியிருந்தோர் பெயர்கள் எங்கே என்பதே நம் வினா.

ஆவணங்களும் இவ்வேற்றுமையை வளர்க்கின்றன. தண்டில் வாழ்ந்த ஐரோப்பியர்தம் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலகத் தொகுப்பாக உள்ளன. அவற்றைக் கொண்டு ஐந்தாம் தலைமுறைப் பேரன் தன் பாட்டனைக் கண்டுகொள்ள இயலும். அப்பாட்டனுக்குச் சோறு சமைத்தவரின் பேரனுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை.

உத்தமதானபுரம் காட்டும் வழி

'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, 1950இல் நூலாயிற்று. தம் வரலாற்றை எழுதப் புகுந்த ஐயர் தம்மைப் பற்றியோ தம் பாட்டனாரைப் பற்றியோ முதலில் எழுதவில்லை. முதல் அதிகாரம் 'எங்கள் ஊர்'.  முன்னோர்கள் அதன் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை முறையில் ஆழ்ந்த பொருள் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

உத்தமதானபுரம் தோன்றிய கதையை நோக்குவோம். தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி நாளில் மறந்து தாம்பூலம் தரித்துக்கொண்டார். அதற்குக் கழுவாயாக அக்கிரகாரம் ஒன்றை அமைத்தார். நாற்பத்தெட்டு வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்பது திட்டம். பல இடங்களிலிருந்து வந்தோர் அவ்வீடுகளில் குடியேறினர். ஆகவே அவ்வூரும் பிறர் கட்டித் தர, வந்தோர் புகுந்த ஊரேயாகும். அளவெடுத்துக் கட்டிய வரிசை வீடுகளே அங்கும் உள்ளன. முதற்குடி எனத் தனியொரு குடும்பம் இல்லாமலே ஐயர் ஊர் வரலாற்றை எழுதிக் காட்டினார். தாம் நேரில் கண்ட ஊர்நிலையையும், பெரியோர் சொல்லக் கேட்ட கதையையும், குடும்பம் பிழைப்பு நாடி அரியலூர், குன்னம் என இடம் மாறிய அலைச்சலையும் அவர் மறைக்கவில்லை. தாய்வழிப் பாட்டனாராகிய சூரியமூலைக் கிருஷ்ண சாஸ்திரிகளுக்கும் தனி இடம் தந்தார். கொடிவழி எழுதுவோர் பலர் ஆண்வழியை மட்டுமே வரைந்து பெண்வழியை விட்டுவிடுவதை எண்ணினால், இதன் அருமை விளங்கும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நாம் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அந்த நாற்பத்தெட்டு வீடுகளும் ஒரே வகுப்பார்க்கு உரியவை. சுவர் எழுப்பியோரும் கிணறு வெட்டியோரும் அக்கதையில் பெயர் பெறவில்லை. ஆகவே ஐயரின் முறையைக் கொள்வோம். அதன் எல்லையை விரிப்போம்.

கல்லில் எழுதிய பெயர்கள்

அவ்விரிவுக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. ஆஸ்டின் டவுனுக்கு அணித்தான தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் உள்ளது. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கதவு நிலைக்கால் இரண்டு அளித்ததைக் கூறுகிறது. தலைக்காட்டு என்பாரும் அவர் மனைவியும் நிலம் அளித்த செய்தியை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. இரண்டு நிலைக்கால் கொடுத்தவர் பெயரும் எழுநூற்றைம்பது ஆண்டுகள் நிற்கிறது! கொடை சிறிதாயினும் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அக்காலத்தார் எண்ணினர்.

ஒன்றை இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். இக்கல்வெட்டுகளையோ குடும்ப வரலாறுகளையோ 'நாங்களே முந்தியோர்' என்னும் உரிமைச் சீட்டாக ஆக்குதல் கூடாது. அதே தெருவில் கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோரும் வாழ்ந்தனர். ஒரே குழாயில் நீர் பிடித்தனர். அவர்களை விலக்கிய வரலாறு பாதி வரலாறே. முதற்குடி என்னும் சொல்லில் பெருமை இருக்கும் அளவுக்குப் பகையின் வித்தும் இருக்கிறது.

செய்யத்தக்கது

ஆஸ்டின் டவுனின் வரலாற்றை எழுதுவதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. வாடகைச் சீட்டுகள், குடும்ப அட்டைகள், மாதா கோயில் திருமுழுக்கு ஏடுகள், ஓசூர்ச் சாலைக் கல்லறைகளின் எழுத்துகள், திருவிழா வரி எழுதிய நோட்டுகள், திருமண அழைப்பிதழ்கள் ஆகிய யாவும் சான்றுகளே. ஒவ்வொரு வீட்டுக்கும் சில வினாக்கள் போதும். இவ்வீட்டில் முதலில் விளக்கேற்றியவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழில் நாடி வந்தார்? அவர் மனைவி எவ்வூர்ப் பெண்? பெண்மக்கள் எங்கே வாழ்க்கைப்பட்டனர்? இவற்றிற்கு விடை சொல்ல வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஓட்டு வீடுகள் இடிபட்டு மாடிவீடுகள் எழும்போது, மச்சில் கிடந்த பழந்தாள்கள் குப்பையோடு போகின்றன.

வீடு நிலைக்கும் என நம்பியிருத்தல் பேதைமை. தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிக் காத்த ஐயரவர்கள் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லமாகிய 'தியாகராச விலாசம்' 2012இல் இடிக்கப்பட்டது. அன்பர்கள் வருந்தியும் பயனில்லை. ஆனால் 'எங்கள் ஊர்' என்னும் அதிகாரம் இருக்கிறது. அத்தகைய அதிகாரம் ஒன்று ஆஸ்டின் டவுனுக்கும் எழுதப்பட வேண்டும். தமிழ்ச் சங்கத்து இளைஞர் சிலர் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, முதியோர் சொல்வதை வீடு வீடாகக் கேட்டு எழுதத் தொடங்கினால், மறுமலருக்குள் முதற்பகுதி ஆயத்தமாகிவிடும்.