தவிலுக்கு உண்டு, பறைக்கு இல்லை

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கொடிக்காலில் அந்த வெற்றிலையைக் கிள்ளிக் கவுளி கட்டும் பையன் எட்டாவதோடு பள்ளியை விட்டவன் என்றால், அவனிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. திருவிழாக் காலத்தில் அவனே பறையைத் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பதம் பார்த்து, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்து இரவு முழுக்க அடிப்பான். இப்படிப்பட்டவர்களைக் கலை வழியாகத் தகுதிச் சான்று வரை கொண்டுபோகிறோம் என்று சொல்லும் திட்டங்கள் தமிழ்நாட்டில் சில உண்டு. அவை சொன்னதைச் செய்கின்றனவா?

பழங்கதையில் தொடங்குவது நல்லது. சோழவந்தானிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் சிறு வயதிலேயே மேடையேறி, 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடித்துவிட்டார். அதற்கு முன்பே, 1918-இல், சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் சோறு போட்டன, பாட்டும் வசனமும் உருவேற்றின. சான்றிதழ் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த கம்பெனி வாத்தியார் முன்னால் நின்று ஒரு விருத்தம் பாடினால் வேலை. ஆனால் மகரக்கட்டில் குரல் உடைந்த பையன் ஸ்திரீபார்ட்டும் இல்லாமல் ராஜபார்ட்டும் இல்லாமல் நின்றபோது அவனுக்குக் கைகொடுக்க எந்தப் படிப்பும் இருக்கவில்லை. பாய்ஸ் கம்பெனியின் பெருமை பேசுவோர் ஜெயித்தவர்களின் பெயரை மட்டும் சொல்வது வழக்கம்.

இன்றைய ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது மாவட்ட அரசு இசைப்பள்ளி. குரலிசைக்கும் பரதத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறவர்கள், நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு, முடிவில் அரசுச் சான்றிதழ். இதன் அருமை அறநிலையத்துறையின் வேலை அறிவிப்பைப் படித்தால்தான் புரியும். தவில் பணிக்கு அங்கே கேட்பதும் இதே இரண்டுதான்: எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இசைப்பள்ளிச் சான்றிதழ் வேண்டும். பெரிய கோயில்களில் 18,500–58,600 என்ற ஊதிய விகிதத்தில் இந்த இடங்கள் வருகின்றன. பள்ளி தரும் தாளும் வேலை கேட்கும் தாளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பத்தாம் வகுப்பு இல்லாதவனுக்கு நிரந்தரச் சம்பளம் வரை நேராகப் போகும் பாதை கலைத்துறையில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

குறை இடத்தில் இருக்கிறது. 17 இசைப்பள்ளிகளில் மதுரை மாவட்டத்துக்கு ஒன்றும் இல்லை. பசுமலையில் இருப்பது இசைக் கல்லூரி. பள்ளிப் படிப்புக்குச் சோழவந்தான் பையன் மதுரை வந்து, பஸ் மாறி, சிவகங்கை போக வேண்டும். மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகை கொடிக்கால் கூலியை விட்டுவிட்டு வருகிறவனுக்கு எம்மாத்திரம்?

பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் பின்னால் வந்தவை. வாரத்தில் இரண்டு மாலை, தலா இரண்டு மணி நேரம், ஓராண்டு. முடிவில் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ். வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற நேரம்தான், கரகமும் ஒயிலும் பறையும் பல்கலைக்கழக முத்திரை பெறுவதும் சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் போனாலும் ஆண்டுக்குச் சுமார் இருநூறு மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சான்றிதழைக் கேட்கும் வேலை எது என்பது. தவிலுக்கு வருவதுபோல் பறைக்கோ கரகத்துக்கோ நிரந்தரப் பணி அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்லை. இதைக் கலைகளின் தரவரிசை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. எந்தக் கலையை எந்தச் சாதி வாசித்தது என்பதன் நிழல் அதில் விழுந்திருக்கிறது.

அந்த நிழலோடு நேராக மோதியது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. சோழவந்தானில் ரயிலேறினால் கொடைரோடு தாண்டி இறங்கும் தூரம். சிஸ்டர் சந்திரா தொடங்கிய இந்த அமைப்பு, படிப்பு நின்றுபோன தலித் பெண்களைத் தங்கவைத்து, ஆண்களின் வாத்தியமாகவே இருந்த பறையை அவர்கள் கையில் கொடுத்தது. கூடவே தையல் போன்ற கைத்தொழிலும். இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். தலைநிமிர்வைத் தருவதில் அரசுத் திட்டம் எதுவும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் தலைநிமிர்வுக்கு மார்க் ஷீட் கிடையாது. பறை அடித்துப் பெற்ற துணிச்சலோடு ஒரு பெண் வேலை கேட்கப் போனாலும், அங்கே முதலில் கேட்பது பத்தாவது பாஸா என்றுதான்.

இங்கிலாந்தில் 2005-இல் தொடங்கிய ஆர்ட்ஸ் அவார்டை ஒப்பிடலாம். 25 வயது வரையுள்ளவர் செய்த கலை வேலையைத் தானே பதிவேட்டில் குறித்துவர வேண்டும்; கற்றதை இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும். மேல்நிலையான கோல்டுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளி உண்டு. நம் மையங்களில் விடுபட்டது இந்தக் கடைசிக் கண்ணி.

ஆகவே என் தீர்ப்பு இது. தகுதி தரும் திட்டமாக இசைப்பள்ளி தேறுகிறது, எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு. நாட்டுப்புற மையம் கலைக்குத் தேறுகிறது, தகுதிக்குத் தேறவில்லை. தேறவைக்கப் புதிய வாரியமோ விழாவோ வேண்டாம். எட்டாவதையும் பத்தாவதையும் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. அதே மாலையில், அதே கூடத்தில், பறை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் எடுக்க ஒரு ஆசிரியரைப் போட்டால் போதும். அம்மன் கோயில் திருவிழாக்களுக்குக் கலைக்குழு அமர்த்தும்போது சான்றிதழ் பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறநிலையத்துறை ஒரு சுற்றறிக்கை விடட்டும். இந்த இரண்டும் நடக்கும்வரை, பட்டமளிப்பு மேடையில் எடுத்த போட்டோவைக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை.