நுகர்வோர் மதிப்புரையும் பாயிர மரபும்: பெங்களூருவை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பண்டம் ஒன்றை வாங்குமுன் அதனைப் பயன்படுத்தியோரிடம் கேட்டறிதல் நெடுநாளைய வழக்கம். அண்டை வீட்டாரையும் உறவினரையும் கேட்டு வாங்கிய நிலை மாறி, முகமறியாத ஒருவர் எழுதியதைப் படித்து மிக்சியும் கைப்பேசியும் நூலும் வாங்கும் நிலை இன்று பரவியுள்ளது. வாங்கியோர் எழுதும் இச்சிறு குறிப்புகளை ‘நுகர்வோர் மதிப்புரை’ எனலாம். ‘மதிப்பு’ என்னும் சொல் விலையையும் பெருமையையும் ஒருங்கே குறிப்பதால் இப்பெயர் பொருத்தமுடையதே. ஆயினும் இதனை ஓர் உரைவகையாகக் கொண்டு, அதன் இயல்பையும் குறையையும் ஆராயும் முயற்சி தமிழில் போதிய அளவு வளரவில்லை. நூலைப் பற்றி உரைப்பதற்குத் தமிழ் இலக்கணம் வகுத்த நெறிகளைக் கொண்டு இவ்வுரைவகையை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெங்களூரு நகரம் களமாகக் கொள்ளப்படுகின்றது.

களத்தின் பொருத்தம்

பெங்களூருவைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் தொடக்ககால இணைய அங்காடிகளுள் ஒன்றான ஃபேப்மார்ட் 1999-இல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. 2007 அக்டோபரில் சச்சின் பன்சல், பின்னி பன்சல் ஆகிய இருவர் கோரமங்களாவில் தொடங்கிய ஃபிளிப்கார்ட், முதலில் நூல்களையே விற்றது. மின்னணுக் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் பின்னரே சேர்ந்தன. அமெரிக்காவில் 1995-இல் விற்பனையைத் தொடங்கிய அமேசானின் வரலாறும் இத்தகையதே. எனவே இவ்வங்காடிகளில் வாங்குவோர் கருத்துரைக்கும் முறை நூலோடு தோன்றிப் பின்னர்ப் பண்டத்திற்குப் பரவியது என்பது தெளிவு. பண்டத்திற்குச் சென்ற அவ்வுரை, பண்டத்தின் இயல்பை ஏற்றுக்கொண்டு மீண்டும் நூலுக்கு வந்து சேர்ந்ததே இங்கு ஆராயத்தக்க சிக்கலாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். மின்பொருளுக்கு எஸ்.பி. சாலை, பட்டுக்குச் சிக்பேட்டை, பழைய நூலுக்கு அவென்யூ சாலை எனக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கும் தெருக்கள் இந்நகரில் உள்ளன. தமிழ்நூலை அவ்வாறு புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்போ இங்குக் குறைவு. சென்னையிலோ மதுரையிலோ உள்ள வாசகரைக் காட்டிலும் இங்குள்ள தமிழ் வாசகர் பிறர் சொல்லை மிகுதியாக நம்பவேண்டியுள்ளது. ஆகவே அச்சொல்லின் தரம் அவருக்கு முதன்மையான ஒன்றாகின்றது.

பாயிரம் கூறுவோர் யாவர்?

பவணந்தியாரின் நன்னூல், சிறப்புப் பாயிரம் கூறுதற்கு உரியோரை வரையறுக்கின்றது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனொடு பயின்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகிய நால்வரே அவர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியருடன் பயின்றவர் என உரையாசிரியர் கூறுவது இதனோடு ஒத்துச் செல்கின்றது. நன்னூல் தோன்றக் காரணமாயிருந்த சீயகங்கன் கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன் என்பதும் இக்களத்தை நோக்க நினைக்கத்தக்கது.

இவ்விதியில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, நால்வரும் நூலாசிரியனுக்கு நெருங்கியோர். அயலார் எவரும் இல்லை. மற்றொன்று, உரைப்பவனுக்கும் ஆசிரியனுக்கும் உள்ள உறவு மறைக்கப்படவில்லை. மாணாக்கன் புகழ்கிறான் என்றறிந்தே கேட்போர் அப்புகழை ஏற்றனர். குற்றம் காண்பதற்கு அரங்கேற்றம் என்னும் வேறோர் அவை இருந்தது. புகழுரையும் தடையுரையும் தத்தம் இடத்தில் நின்றமையால் கேட்போர்க்கு மயக்கம் நேரவில்லை எனலாம்.

நுகர்வோர் மதிப்புரையில் இவ்வமைப்பு தலைகீழாகின்றது. இங்கு உரைப்போர் அயலார். படைத்தவனுக்கும் விற்பவனுக்கும் கடன்படாத ஒருவர் பேசுகிறார் என்பது இவ்வுரைவகையின் பெரும் பேறு. பாயிர மரபு இடங்கொடாத ஒரு குரல் இங்கே ஒலிக்கின்றது. ஆனால் அவர் யார், எந்நிலையில் நின்று பேசுகிறார் என்பது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. பேறும் இழப்பும் ஒரே வாயில் வழியாக நுழைந்துள்ளன.

அடுக்களைப் பண்டங்கள்

நுகர்வோர் மதிப்புரை சிறந்து விளங்குமிடம் அடுக்களையே. கிரைண்டரைப் பற்றி எழுதும் ஒருவர், வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு அரிசி அரைத்தார், எத்தனை மாதம் பயன்படுத்தினார், கல் சூடேறியதா, மாவு பொங்கியதா என்பவற்றைச் சொல்லாமல் எழுத இயலாது. பெங்களூருவின் மார்கழிக் குளிரில் மாவு புளிக்கக் காலம் தாழ்க்கும். அதனை அறிந்தவர், குற்றம் கிரைண்டரிலா பருவத்திலா என்று பிரித்துரைப்பார். தண்ணீர் வடிகட்டும் கருவியைப் பற்றி எழுதுவோரும் தம் வீட்டிற்கு வருவது காவிரி நீரா ஆழ்துளைக் கிணற்று நீரா என்பதைக் குறித்தல் வேண்டும். கடினநீர் வரும் வீட்டில் விரைவில் அடைபடும் கருவி, காவிரி நீர் வரும் வீட்டில் நெடுநாள் உழைக்கக்கூடும்.

சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டியனவாக நன்னூல் கூறுவன ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டு; இவற்றுடன் காலம், களம், காரணம் ஆகிய மூன்றும் சேரப் பதினொன்று என்பாரும் உளர். மேற்கூறிய நல்ல கிரைண்டர் மதிப்புரை யார்க்கு உதவும், என்ன பயன் தரும், எக்காலத்தில், எவ்விடத்தில், எதனால் வாங்கப்பட்டது என்பனவற்றைச் சொல்லிவிடுகின்றது. கேட்போர், பயன், காலம், களம், காரணம் ஆகிய ஐந்தும் இலக்கணம் கல்லாதாரிடமும் இயல்பாக அமைவது வியப்பிற்குரியது. சாதாரண நுகர்வோரிடம் இலக்கண நெறியை எதிர்பார்ப்பது மிகை என்னும் தடைக்கு இதுவே விடையாகும்.

நூல்கள்

அந்நுகர்வோரே நூலைப் பற்றி எழுதும்போது இவ்வைந்தும் மறைகின்றன. நூல்களுக்கு எழுதப்படும் குறிப்புகளில் மூன்று போக்குகளைக் காணலாம். அட்டை மடங்கியது, பொதி நனைந்தது, வருவதற்குக் காலந்தாழ்ந்தது எனப் பொதியையும் வரவையும் பற்றியவை முதல்வகை. ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’ என ஒரு சொல்லில் முடிபவை இரண்டாம்வகை. நூலின் உள்ளே சென்று பேசுபவை மூன்றாம்வகை. மூன்றாம்வகையே தேவையானது, தேடிக் காணவேண்டியதாகவும் அதுவே உள்ளது.

முதல்வகை பயனற்றதன்று. மங்கிய அச்சும் விடுபட்ட பக்கமும் வாங்குவோர்க்கு இழப்பே. தமிழ்ச் செவ்வியல் நூல்களில் எவர் உரை, எப்பதிப்பு, சீர்பிரித்த பாடமா என்பன நூலின் தரத்தையே மாற்றுவன. அவற்றைக் குறிப்பிடும் நுகர்வோர் பதிப்பாய்வாளரின் பணியில் ஒரு பகுதியைச் செய்கிறார். குறை எங்கு உள்ளதெனின், பொதியின் குற்றம் நூலின் குற்றமாக எண்ணப்படும் இடத்தில்தான்.

எண்ணும் எழுத்தும்

அவ்வாறு எண்ணச் செய்வது நட்சத்திரக் குறியீடு. மதிப்பெண் வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ திரைப்படத்திற்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் வழங்கியது இன்றும் பேசப்படுகின்றது. அங்கு எண்ணின் அருகில் அதற்குரிய காரணம் எழுத்தில் நின்றது. வழங்கிய இதழின் பெயரும் நின்றது. இங்கு நால்வர் ஐந்து நட்சத்திரமும், பொதி கிழிந்ததற்காக ஒருவர் ஒரு நட்சத்திரமும் தந்தால் சராசரி 4.2 ஆகின்றது. மொழிபெயர்ப்பு தவறானது என்று முழுவதும் படித்தறிந்த ஒருவர் ஒன்று தந்தாலும் அதே 4.2 தான். இருவேறு குற்றங்களை வேறுபாடின்றி ஆக்கும் அளவுகோல் அளவுகோலாகாது. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து மிகுதியானதைக் கொண்டு தெளியுமாறு ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் முறையில் ஆராய்தல் முன்னும் முடிவு பின்னும் வருகின்றன. நட்சத்திரம் முடிவை மட்டும் தந்து ஆராய்ச்சியை மறைத்துவிடுகின்றது.

மறைந்த உறவு

இதனினும் பெரிய தீங்கு, விற்பவரே வாங்கியவர்போல் எழுதுவது. சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பனையாளர் தம்மை நுகர்வோராகக் காட்டி மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையவழி மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டது; அது விருப்பத்தின்பேரில் பின்பற்றத்தக்கதாக அறிவிக்கப்பட்டது.

இவ்விதிகள் வணிகரை நோக்கியவை. நூலுலகில் இச்சிக்கல் வேறு வடிவங்கொள்கின்றது. எழுத்தாளரின் நண்பரும் மாணவரும் தம் உறவைச் சொல்லாது பொது வாசகராக நின்று ஐந்து நட்சத்திரம் இடுவதைச் சட்டத்தால் மட்டும் தடுக்கவியலாது. பாயிர மரபு நண்பரையும் மாணவரையும் விலக்கவில்லை. அவர்களுக்கே உரிமை தந்தது. ஆனால் நண்பராகவும் மாணவராகவும் அறியப்பட்டே அவர்கள் பேசினர். அன்பினால் புகழ்தல் குற்றமன்று. அயலார் வேடமிட்டுப் புகழ்தலே குற்றம். இது கல்விப்புலத்தில் அணிந்துரை எழுதும் நமக்கும் பொருந்தும்.

முடிவுரை

நுகர்வோர் மதிப்புரை, பாயிர மரபில் இடம்பெறாத அயலாரின் குரலுக்கு இடந்தந்துள்ளது. அடுக்களைப் பண்டங்களில் அது பயன், காலம், களம் ஆகியவற்றைச் சுட்டித் திறனாய்வின் தகுதியை எட்டுகின்றது. நூல்களில் அத்தகுதியை இழப்பதற்குக் காரணம் கல்விக் குறைவன்று. நிற்கும் நிலையைச் சொல்லாமையே ஆகும். தமிழ்நூலுக்குக் கருத்தெழுதுவோர் எப்பதிப்பைப் படித்தார், முழுவதும் படித்தாரா, ஆசிரியரோடு உறவுண்டா என்னும் மூன்றையும் குறித்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் இதனைத் திறனாய்வுப் பாடத்தின் பயிற்சியாகவே கொள்ளலாம். பெங்களூருவில் ஒரு தமிழ்நூலை வாங்கலாமா என்று தயங்கி நிற்கும் வாசகருக்கு இன்று கிடைப்பது கிழிந்த பொதியைப் பற்றிய செய்தியே எனின், அவ்விடத்தைப் படித்தோர் நிரப்பாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணமாகும்.