கண்டலும் கழியும்: திணைப் பாடத்தில் விடுபட்ட நீர்

அகத்திணை பயிற்றும் வகுப்புகளில் கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைவது நெடுநாள் வழக்கு. தெய்வம், மரம், புள், பறை, தொழில் என்று அவை நிரம்பும். தேர்வுக்கு அது போதும். எளிதில் விடுபட்டுப் போவது நீர். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருள்களை 14 எனக் கொண்டு, நீரையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் கான்யாறு, மருதத்திற்கு ஆறும் மனைக்கிணறும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்குழியும் உரியன. சுனையில் ஊறியதே கான்யாறாகி, வயலைக் கடந்து, கழியில் உப்போடு கலக்கிறது என்பது இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் மாணவர்க்குப் புலப்படுவதில்லை. இலக்கண நூலார் ஆற்றுப்படுகையை எண்ணியே இவ்வாறு வகுத்தனர் என்பது மிகைக்கூற்றாகும். ஆயினும் அவர்தம் பட்டியலே இத்தகைய வாசிப்புக்கு இடந்தருகிறது.

பண்டமாரானில் இக்குறை மிகுதியும் உறுத்துகிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த ஊர் அது. எதிரே கிள்ளான் தீவுகளில் அலையாத்திக் காடுகள் இன்றும் நிற்கின்றன. 'பாக்காவ்' என்னும் மலாய்ப் பெயரால் அம்மரத்தை எல்லாரும் அறிவர். நற்றிணையில் கண்டல் வரும்போதோ, 'ஒருவகை மரம்' என்னும் குறிப்போடு பாடம் நகர்ந்துவிடுகிறது. கடலே காணாத உள்நாட்டு ஊரில் இவ்வுரை பொறுத்துக்கொள்ளத்தக்கது. கிள்ளானில் அது பொருந்தாது. உப்புச் சேற்றில் தாங்குவேர் ஊன்றி நிற்பது அம்மரம். காய் கிளையிலேயே முளைவிட்டுத் தொங்கி, பின்னரே சேற்றில் விழுந்து நிலைகொள்ளும். அவ்வேர்களின் இடையில்தான் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நெய்தற் புலவர் கண்டலைத் தோட்டத்திற்கு வேலி என்று பாடியது வெறும் அணியன்று என்பதை, ஓதத்தின் வேகத்தை அம்மரம் தணிப்பதைக் கண்டவர் உணர்வர்.

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. கோலாலம்பூருக்கு வடகிழக்கிலுள்ள மலைகளில் தோன்றி, 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையைக் கடந்து, கோம்பாக் ஆற்றோடு கூடுகிறது. சேற்றுக் கூடல் என்னும் பொருளில் தலைநகரின் பெயரே அவ்விடத்தினின்று எழுந்தது. நகரின் கழிவையும் குப்பையையும் சுமந்துகொண்டே அது நெய்தலை அடைகிறது. மலையில் நிகழ்வதற்குக் கழி விடைசொல்ல நேர்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே கோங் ஆற்றில் கழிவு கலந்ததால், சிலாங்கூர் ஆற்று நீரைத் தூய்மைப்படுத்தும் 4 நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் வட்டாரக் குழாய்களும் வறண்டன. 2021 டிசம்பர்ப் பெருமழையில் கிள்ளான் ஆற்றங்கரைத் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. ஓதம் ஏறிய வேளையில் ஆற்றுநீர் கடலுக்குள் எளிதில் இறங்காது என்பது தாழ்நிலத்தார் நன்கறிந்த செய்தி. திணைமயக்கம் என்னும் சொல்லை விளக்க ஆசிரியர் வேறெங்கும் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

மலேசியத் தமிழ் நாவலுக்கும் இந்நோக்கு தேவைப்படுகிறது. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' அவசரகாலத் துன்பங்களைப் பேசும் நாவல். பண்டமாரானும் அக்காலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்றாதலின், அங்குள்ள மாணவர் அதனைத் தம் ஊர் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க இயலும். அரசியலையும் இடப்பெயர்ச்சியையும் மட்டும் அதில் தேடுவது குறைவாசிப்பே. நூலின் பெயரில் நிற்பது ஓர் ஆற்றங்கரை. அக்கரையில் மக்கள் எந்த நீரைக் குடித்தனர், எந்த நீருக்கு அஞ்சினர் என்று வினவியபடியும் பக்கங்களைப் புரட்டலாம். லங்காட் எங்கே பிறந்து எங்கே கடலைச் சேர்கிறது என்பதை முதல் வினாவாக வைத்தால், மாணவர் நிலப்படத்தை விரிப்பர். நுவாங் மலைப்பக்கத்தில் தொடங்கும் கோடு கேரித் தீவருகே கடலில் முடிவதைக் காண்பர். அங்கும் கரையில் நிற்பது கண்டல்தான்.