மறைந்த சாய்வும் ஐயத்தின் அளவும்

புகைக்கும் பழக்கமும் நுரையீரற் புற்றும் ஒரே மரபுக்கூற்றின் விளைவாகலாம் என்று 1958இல் புள்ளியியலறிஞர் ஃபிஷர் ஐயம் எழுப்பினார். மக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து புகைக்கச் செய்து அதனைச் சோதிக்க இயலாது. மறு ஆண்டே கார்ன்ஃபீல்டும் உடனாய்வாளரும் அவ்வையத்திற்கு அளவு கேட்டனர்: புகைப்போர்க்கு நோய் ஒன்பது மடங்கெனில், அதனை முழுதும் விளக்கவல்ல மறைகூறு அவர்களிடையே ஒன்பது மடங்கேனும் மிகுந்திருத்தல் வேண்டும். ஐயுறுவோரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் இந்நெறியே உணர்திறன் பகுப்பாய்வின் வேர் என்பது நம் கருத்து.

பால் ரோசன்பாம் இதனை இணையாக்க ஆய்வுகளுக்கு விரித்தார். அவர் எடுத்தாளும் ஹாமண்டின் 1964ஆம் ஆண்டுத் தரவில், மிகுதியாகப் புகைப்பவர் ஒருவரும் புகைக்காதவர் ஒருவருமாக 36,975 இணைகள் உள்ளன. ஒருவர் மட்டும் அப்புற்றால் இறந்த இணைகள் 122. அவற்றுள் 110இல் இறந்தவர் புகைத்தவரே. காணாத கூறொன்று, இணையில் ஒருவர் புகைப்பவராகும் சாத்திய விகிதத்தை ஐந்து மடங்கு மாற்றினும், இம்முடிவு தற்செயலாகும் நிகழ்தகவு 0.03ஐத் தாண்டாது. ஆறு மடங்கெனில் அது 0.1 வரை உயரலாம், முடிவு தளரும்.

இதனைச் 'சாய்வில்லை' என வாசிப்போர் உளர், அது பிழை. எத்துணைச் சாய்வு தேவை என்றே இம்முறை கூறும். உண்டா என்று கூறாது. மேலும், அக்காணாத கூறு நோயையும் ஏறத்தாழ முழுமையாகத் தீர்மானிப்பதாக இது கொள்கிறது. புகைத்தல் போன்ற வலிய விளைவு அக்கடுமையைத் தாங்கும். கல்வியாய்வுகளில் நாம் காணும் மெல்லிய விளைவுகள் மெய்யாயினும் பெரும்பாலும் தாங்கா.