வளமும் நலமும்: மீன்வளர்ப்புக் கலைச்சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தமிழ்நாட்டரசின் துறைகளுள் ஒன்று 'மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை' என்னும் பெயருடையது. இத்தொடரில் மீனுக்கு வளமும் மீனவர்க்கு நலமும் உரியனவாக அமைந்துள்ளன. மீனவர் நலம் பேணப்பட வேண்டியதே. அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஆயினும் இவ்விரு சொற்களின் பொருட்பரப்பு மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. நீர்வளம், கனிவளம், காட்டுவளம் முதலிய தொடர்களில் வரும் 'வளம்' பயன்கொள்வோரின் நோக்கில் நின்று கூறும் சொல். 'நலம்' அதனையுடைய உயிரின் நோக்கில் நின்று கூறும் சொல். மீனைப் பற்றி நாம் ஆளும் கலைச்சொற்கள் முதல் நோக்கை மட்டுமே சுட்டுகின்றனவா, இரண்டாவது நோக்கிற்கு அவற்றில் இடமுண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வேளாண் உருவகங்கள்

மீன்வளர்ப்புக் கையேடுகளிலும் அரசு வெளியீடுகளிலும் பயிலும் சொற்களைத் தொகுத்து நோக்கினால் அவற்றுட் பல உழவுத்தொழிலினின்று பெறப்பட்டவை என்பது விளங்கும். மீன்விதை, மீன்விதைப் பண்ணை, விளைச்சல், அறுவடை என்பன அத்தகையன. குளத்தில் குஞ்சுகளை விடுவதற்கு 'இருப்புச் செய்தல்' என்பது வழக்கு. இது பண்டகசாலைக்கு உரிய சொல். இவை யாவும் ஆங்கில வழக்கின் நேர்மொழிபெயர்ப்புகளே. எனவே குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. தமிழில் 'மீன்குஞ்சு' என்னும் சொல் முன்னரே உண்டு. பறவையின் இளமைக்கு வழங்கும் சொல்லையே மீனின் இளமைக்கும் மக்கள் வழங்கினர். குஞ்சு உயிருடையது, தீனியும் காவலும் வேண்டுவது. விதையோ தூவப்படுவது. ஓர் உயிரையே குறிக்கும் இரு சொற்களுள் உயிர்ப்பண்பு குன்றியதே பண்ணையின் பெயரில் இடம்பெற்றிருப்பது தற்செயலாகலாம். ஆனால் அதன் விளைவு தற்செயலானதன்று. அறுவடை என்ற சொல்லை ஆளும்போது கொல்லுதல் என்னும் வினை தொடரிலிருந்து மறைந்துவிடுகிறது. குளத்து நீர் கெட்டால் மீன்கள் 'செத்து மிதந்தன' என்கிறோம். வலையில் அகப்பட்டு மூச்சுத்திணறி இறப்பனவற்றிற்கோ சாவினைச் சுட்டும் வினைச்சொல் எதுவும் வழங்குவதில்லை.

நார்வே நாட்டு வழக்கு இதற்கு மாறானது. அங்கு ஆடு மாடுகளைக் கொல்லுதலுக்குரிய 'ஸ்லாக்ட்' என்னும் சொல்லே வளர்ப்புச் சால்மன் மீனுக்கும் வழங்குகிறது. மீன் நலத்தைக் குறிக்க 'ஃபிஸ்கெவெல்ஃபெர்ட்' என்னும் தனிச்சொல்லும் உண்டு. 2009இல் இயற்றப்பெற்று 2010இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விலங்குநலச் சட்டம் மீனையும் உள்ளடக்கியது. மனிதர்க்குப் பயன்படுதலைச் சாராத தன்மதிப்பு விலங்கிற்கு உண்டு என்பது அச்சட்டத்தின் கொள்கை. நம் சொல்லாட்சியில் கூறின், வளத்தினின்று நலத்தைப் பிரித்தறிந்த சட்டம் அது எனலாம்.

3. எடையும் எண்ணும்

தமிழில் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதியின்றியும் பன்மைப் பொருள் உணர்த்தும். 'பத்து ஆடு', 'பத்து மீன்' என்னும் தொடர்களில் எண்ணுப்பெயரே பன்மையைத் தருகிறது. எனவே மீன் என்பது எண்ணத்தகாத பெயர் எனல் இலக்கணத்திற்குப் பொருந்தாது. வழக்கிலோ ஆடு எண்ணப்படுகிறது, மீன் நிறுக்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் இருபதாம் கால்நடைக் கணக்கெடுப்பு மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைத் தலைக்கணக்கில் தருகிறது. மீன் குறித்த புள்ளிவிவரங்கள் டன்னில் அமைகின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் வளர்ப்பின்வழிப் பெற்ற நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன். பிடித்தலின்வழிப் பெற்றவை 9.10 கோடி டன். வளர்ப்பு பிடித்தலை முதன்முறையாக விஞ்சியது அவ்வாண்டிலேயே. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கூறும் இவ்வெண்கள், எத்தனை உயிர்கள் என்னும் வினாவிற்கு விடை தருவதில்லை.

இதன் நடைமுறை விளைவு பெரிது. எடைக்கணக்கு விற்பனைக்கு வந்த மீனையே காட்டும். இடையில் இறந்தது அதில் தோன்றாது. நார்வேயில் சால்மன் இறப்பு தலைக்கணக்கில் வெளியிடப்படுகிறது. 2023இல் கடற்கூண்டுகளில் 6.28 கோடி சால்மன்கள் இறந்தன, இது 16.7 விழுக்காடு என அந்நாட்டுக் கால்நடை மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை கூறுகிறது. தொற்றுநோய்களும், கடற்பேன் நீக்கும் முறைகளால் நேர்ந்த காயங்களும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். நலம் என்னும் சொல் இருந்தும் இத்துணை மீன்கள் மாண்டனவே என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே; சொல் மட்டும் உயிரைக் காவாது. ஆனால் எண்ணப்பட்டதனாலேயே அவ்விழப்பு அங்குப் பொது விவாதத்திற்குரிய பொருளாயிற்று. எண்ணப்படாத இழப்பிற்கு அவ்வாய்ப்பும் இல்லை.

4. சட்டத்தின் சொல்லும் விதியின் மௌனமும்

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. மனிதர் அல்லாத எவ்வுயிரும் விலங்கே என்பது அதன் வரையறை. இதன்படி மீனும் விலங்கே. உணவிற்காகக் கொல்லுதலுக்குச் சட்டம் விலக்களிப்பினும், தேவையற்ற துன்பம் விளைவித்தலை அவ்விலக்கு உள்ளடக்கவில்லை. இவ்வளவு விரிந்த வரையறை இருந்தும் விதிகளில் மீன் இடம்பெறவில்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் கொண்டுசெல்லல் விதிகள் நாய், பூனை, குரங்கு, மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றைத் தனித்தனியே கூறுகின்றன. 2001இல் கோழியும் பன்றியும் சேர்க்கப்பட்டன. மீனுக்குத் தனி இயல் இல்லை. மீன்தொட்டிக் கடைகளுக்கென 2017இல் வெளியிடப்பட்ட விதிகளும் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன.

இம்மௌனத்தின் பொருளை அங்காடியில் காணலாம். விரால், தேளி முதலியன காற்றையும் சுவாசிக்கும் உறுப்புடையவை; ஆதலின் நீரினின்று எடுத்தபின்னும் நெடுநேரம் உயிர்தரிப்பவை. இவை 'உயிர்மீன்' என்னும் பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. இத்தொடரில் 'உயிர்' என்பது மீனின் நிலையைக் கூறும் அடையாகத் தோன்றினும், உண்மையில் பண்டத்தின் தரத்தையே கூறுகிறது. நெடிது உயிர்தரிக்கும் ஆற்றலே அம்மீனுக்கு நெடிய துன்பமாகிவிடுகிறது.

5. வலியும் ஊறுணர்வும்

மீனுக்கு வலி உண்டா என்னும் வினாவைத் தவிர்த்தல் இயலாது. பெருமூளைப் புறணியின் வளர்ச்சி மீனுக்கு இன்மையின் வலியுணர்தல் இயலாது என 2002இல் ஜேம்ஸ் ரோஸ் வாதிட்டார். 2003இல் லின் ஸ்நெடன், விக்டோரியா பிரெய்த்வெயிட், மைக்கேல் ஜென்டில் ஆகியோர் வானவில் டிரவுட் மீனின் முகப்பகுதியில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை நிறுவினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன; இரை கொள்ளவும் காலம் தாழ்த்தன. விவாதம் முற்றுப்பெறவில்லை.

இங்குத் தமிழ்க் கட்டுரைகள் பலவற்றில் ஒரு மயக்கம் காணப்படுகிறது. தீங்கை நரம்பு உணர்தலும், அதனைத் துன்பமாக உயிர் நுகர்தலும் 'வலி' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இதனால் மறுப்போரும் ஏற்போரும் வெவ்வேறு பொருளைப் பற்றி வாதிடும் நிலை ஏற்படுகிறது. முன்னதை 'ஊறுணர்வு' என்றும் பின்னதை 'வலி' என்றும் பிரித்து வழங்கலாம். 'ஊறு' என்பது தொடுவுணர்வையும் தீங்கையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல்லாதலின் இப்பொருளுக்கு மிக ஏற்றது. ஊறுணர்வு மீனுக்கு உண்டென்பது ஆய்வால் நிறுவப்பட்டது. வலியைப் பற்றியே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இவ்வளவு தெளிந்தால், ஐயத்தின் பயனை யாருக்கு வழங்குவது என்னும் அறவினா தானே எழும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மீனைப் பயிராகவும் சரக்காகவும் காட்டும் சொற்கள் உயிரின் நிலையை மறைக்கின்றன. எடைக்கணக்கு இறப்பை மறைக்கிறது. விலங்கென்னும் வரையறையுள் மீனை அடக்கிய சட்டம், அதற்குரிய விதிகள் இன்மையால் செயலற்று நிற்கிறது.

நாள்தோறும் கடலில் உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் மீனவரை இக்குறைக்குப் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. இச்சொற்கள் அவர்கள் ஆக்கியவையும் அல்ல. அலுவலக மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லாக்கமும் தந்தவை இவை. ஆதலின் திருத்தமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். கலைச்சொல் அகராதிகளில் 'மீன்நலம்' தனிப்பதிவாக இடம்பெறுதல், 'மீன்விதை' என்பதற்கு மாறாக 'மீன்குஞ்சு' என்பதை ஆளுதல், பண்ணை இறப்பைத் தலைக்கணக்கில் பதிதல், கொல்லுதலைக் கொல்லுதல் என்றே கூறுதல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வேண்டாதவை. பெயரிடப்படாத ஒன்றற்கு விதி வகுத்தல் அரிது. மீனின் நலத்திற்குப் பெயரிடுதல் மொழி அறிஞர் செய்யக்கூடிய முதற்பணியாகும்.