சுமைகாரனின் கூலி: ஹிடேயோ கொஜிமாவின் விளையாட்டுக்கள்

யப்பானிய வீடியோ விளையாட்டு வடிவமைப்பாளர் கொஜிமாவைத் 'திரைப்படத்துக்கு நிகரான கலைஞர்' என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எமக்கு அவர் முக்கியமாவது வேறு காரணத்தால்.

1986இல் கொனாமி நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது எம்எஸ்எக்ஸ் வகை வீட்டுக் கணினிகளுக்கான பிரிவு. குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 'சக்ர்' என்ற பெயரில் அரபு எழுத்துக்களோடு விற்றதும் இதே வகைக் கணினியைத்தான். எண்பதுகளில் மத்திய கிழக்குக்கு உழைக்கப்போன எம்மவர் சிலர், வேலைசெய்த வீடுகளில் இதைக் கண்டிருக்கலாம். (தொட்டிருக்க மாட்டார்கள்.)

பல எதிரிகளையும் குண்டுகளையும் ஒன்றாகத் திரையில் காட்ட அந்தக் கணினியால் முடியாது. ஆகவே 1987இல் 'மெட்டல் கியர்', சண்டையைத் தவிர்த்து ஒளித்துப்போகும் விளையாட்டாக வந்தது. காவலாளியின் பார்வை எப்பக்கம் திரும்புகிறது என்று கணித்து நகரவேண்டும். சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முடிவில், நாயகனை அனுப்பிய தளபதியே எதிரிக் கோட்டையின் தலைவன் என்று தெரியவருகிறது. இயக்கங்களிலிருந்து விலகி வந்தவர்கள் இதை வெறும் கதைத் திருப்பமாக வாசிக்கமாட்டார்கள்.

ஆனால் மக்கள் எங்கே? 2015இல் வெளியான 'மெட்டல் கியர் சொலிட் 5' பெருமளவு 1984இன் ஆப்கானிஸ்தானில் நடக்கிறது. சோவியத் சிப்பாய்கள் உண்டு, கைதிகள் உண்டு, ஆடுகள்கூட உண்டு. ஊர்ச்சனம் இல்லை. போர் எதிர்ப்பாளர் என்று பெயரெடுத்தவர், போராளியின் மனக்காயத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறுபகுதியைக்கூட அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒதுக்கவில்லை.

அவ்வாண்டே கொனாமியை விட்டு வெளியேறினார். 2019இல் வந்த 'டெத் ஸ்ட்ராண்டிங்'கின் நாயகன் ஒரு சுமைகாரன். முதுகுப் பாரம் ஒருபக்கம் சாய்வது, ஆற்றில் கால் வழுக்குவது, சப்பாத்து தேய்வது எல்லாம் விளையாட்டின் விதிகளாகவே இருக்கின்றன. உடலுழைப்பை இவ்வளவு மதித்த விளையாட்டு வேறொன்றை நான் பார்த்ததில்லை. கூலி? 'லைக்'குகள். பொதியைப் பெறுபவர் நிலத்தடியில் இருந்தபடி, பெரும்பாலும் ஒளியுருவாகத் தோன்றி நன்றி சொல்வார்.

2022 மேயில் துபாயில் டெலிவரூ ஓட்டுநர்களும் பின்னர் தலபாத் ஓட்டுநர்களும், வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்ட அந்நாட்டில், ஊதியத்துக்காக மோட்டார் சைக்கிள்களை ஓரங்கட்டினார்கள். டெலிவரூ நிறுவனம் தன் ஊதிய மாற்றத்தை நிறுத்திவைத்தது. கொஜிமாவின் சுமைகாரனும் முதலில் மறுக்கிறான், முறைக்கிறான்; ஆனால் கூலி கேட்பதில்லை. 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மெக்சிக்கோவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பொதி சுமக்கிறான். அங்கும் லைக்குகள்தான்.