பிறந்த ஊர் என்னும் பத்தி

இலக்கியமென எவரும் கொள்ளாத ஓர் எழுத்தை இம்முறை திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். விக்டோரியா அரசியார் காலத்து ஸ்காட்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கேடே அது. பெயர், வயது, தொழில் எனப் பத்தி பிரித்து எழுதப்பட்ட அவ்வேட்டில், அபர்டீன்ஷயர்ப் பண்ணையாள் குடும்பம் ஒன்றுக்குக் கிடைப்பவை சில வரிகளே. ஆயினும் பொறுமையுடன் படிப்போர்க்கு அவ்வரிகள் பேசும்.

1841ஆம் ஆண்டின் ஏடு வறண்டது. பதினைந்துக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதச் சொன்னார்கள். முப்பத்தொன்பது வயதினர் முப்பத்தைந்து ஆனார். பிறந்த ஊரோ, அதே மாவட்டமா அன்றா என்பதோடு நின்றது. 1851 முதல்தான் பிறந்த பங்கின் பெயரை எழுதலாயினர். அப்போதே கதை பிறக்கிறது. தந்தை ஒரு பங்கில் பிறந்தவர், தாய் வேறொன்றில். மூத்த மகள் மூன்றாவதில், அடுத்தவன் நான்காவதில்! ஏன் இந்த அலைச்சல்? மணமாகாப் பண்ணையாள்கள் ஆறு மாதத்திற்கும், மணமானோர் பெரும்பாலும் ஓராண்டுக்கும் அமர்த்தப்பட்டனர். தவணை முடிந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றி அடுத்த பண்ணைக்குப் பெயர வேண்டியதுதான். கத்தோலிக்கத் திருநாள்களை ஒதுக்கிவிட்ட அந்நாட்டில், தவணை நாள்கள் மட்டும் தூய ஆவியார் பெருவிழா என்றும் புனித மார்ட்டின் திருநாள் என்றும் பழம்பெயரிலேயே வழங்கியது வியப்பன்றோ! கணக்கெடுத்ததோ, 1861இல் ஏப்ரல் 7, 1871இல் ஏப்ரல் 2. மே மாதத் தவணை வந்ததும் அவ்வரிகளுக்குரியோர் அவ்வீட்டில் இல்லாமலே போயிருக்கலாம்.

இவ்வேட்டின் பெருங்குறை தொழில் பத்தியே. பெற்றோருக்கு ஊதியமின்றித் துணைசெய்யும் பிள்ளைகளின் தொழிலையும், மனைவியரின் தொழிலையும் குறிக்கத் தேவையில்லை என்பது 1841இன் நெறிமுறை. பால் கறந்தவள், டர்னிப் கிழங்குப் பாத்தியில் களைகொத்தியவள், அறுவடையில் கதிர் கட்டியவள் ஆகியோர் அதில் வெறும் வெற்றிடம். பின்னாளில் படிப்பவர், எழுதாத வேலையைச் செய்யாத வேலையென மயங்குவர்.

நம்மை நெடுநேரம் நிறுத்தியது வேறொரு சொல்: ‘பேரன்’. இத்தகைய வீடுகளில் அச்சிறுவனின் தாயைக் காணோம். அவள் எங்கோ ஒரு பண்ணையில் வேலையில் இருப்பாள். 1855இல் அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியபின், அபர்டீன், பான்ஃப் பகுதிகளில் திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைகள் மிகுதி என்று தெரிந்து, போதகர்கள் கொதித்தெழுந்தனர். மணமான ஆளுக்கு வீடு தர விரும்பாது, தொழுவத்தை ஒட்டிய அறையில் மணமாகா இளைஞர்களை அடைத்துவைத்த பண்ணை முறையை எத்துணைப் பேர் கண்டித்தனர்? அம்மண்ணில் ஏரோட்டி, விபத்தில் காலிழந்து, இதழாசிரியரான வில்லியம் அலெக்சாண்டர் 1875இல் வெளியிட்ட தொகுப்பில், ‘பாபி ஹ்யூயியின் குழந்தை’ என்றொரு கதை உண்டு; பண்ணைப் பணிப்பெண் ஒருத்தியின் அத்தகைய குழந்தையைப் பற்றியது. கணக்கேட்டின் ஒற்றைச் சொல்லை விரித்துரைக்கும் உரையாகவே அதை நாம் கொள்கிறோம்.

ஆயினும் அந்த ஒற்றைச் சொல்லைக் குறைத்து மதிப்பிட மனம் வரவில்லை. பழியேதும் சுமத்தாது, உறவை மட்டும் அது சொல்கிறது. திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் பெயருக்குரிய இடத்தில் கோடு கிழித்துவிட்டு, ஏந்தி நின்ற பாட்டியை நிமிர்ந்தும் பாராமல் பக்கம் புரட்டிய நாள் நமக்கும் உண்டு.

1871இல் நான்கு வயதான பேரனை 1881இன் ஏட்டில் தேடுவோர் தாத்தா வீட்டில் மட்டும் தேடலாகாது. பதினான்கு வயதில் அவன் வேறொரு பண்ணையின் பக்கத்தில், ‘பணியாள்’ என்ற உறவுமுறையோடு இருக்கக்கூடும். குடும்பப்பெயர்கூடத் தாயினுடையதிலிருந்து தந்தையினுடையதாக மாறியிருக்கலாம். பிறந்த ஊரைக் கொண்டே அவனை அடையாளம் காண வேண்டும்.